நானூற்றுப் பதினேழாம் ஆள்

டிங். டிங். டிங்.

மணி மூன்று தரம் அடித்தால் சுரங்க லிப்ட்டான கேஜில் ஆள் ஏறி வருகிறது என்று அர்த்தம். கம்பிக் கதவு திறந்தது. காலை ஷிப்ட்டின் கடைசிக் கும்பல் மண்ணும் வேர்வையுமாக வெளியே வந்து, டோக்கன்களை ஜன்னலில் போட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்தது.

எஞ்சினியர் வினய் பலகைக்கு முன்னால் நின்று ஆணி ஆணியாக எண்ணிக்கொண்டு வந்தான். தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துப் போகவேண்டும். ஏறி வந்ததும் திருப்பித் தரவேண்டும். ஆணி காலி என்றால், ஆள் இன்னும் கீழே.

நானூற்றுப் பதினேழில் விரல் நின்றது. ஆணி காலி.

"மாரிமுத்து, நானூத்திப் பதினேழு யாரு?"

டோக்கன் ஆபீஸ் மாரிமுத்து டிபன் பாக்ஸில் சோறு பிசைந்துகொண்டிருந்தார். "வேந்தன் சார்."

"ஏறி வரலையே!"

"வந்துடும் சார். இன்னிக்கு இன்னா, நீங்க சாப்பிடப் போகலயா? ரெண்டு மணிக்கெல்லாம் கெளம்பிடுவீங்களே."

வினய்க்குப் புரியவில்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவர். டோக்கனை வைத்துப் பிணத்தை அடையாளம் சொன்னவர். ஓர் ஆள் ஏறி வரவில்லை என்கிறபோது இவருக்குச் சோறு இறங்குகிறதா?

"ரெஸ்க்யூவுக்குப் போன் பண்றேன்."

மாரிமுத்து சோற்றுக் கையோடு எழுந்து வந்து போனை அமுக்கிக்கொண்டார்.

"வேணாம் சார். வேந்தன் கீழ இல்ல. பெங்களூர்ல கீறான்."

"அப்ப டோக்கன்?"

"டோக்கன் கீழ கீது."

"டோக்கன் தானா நடந்து போச்சா?"

மாரிமுத்து வாசலைப் பார்த்தார். வாசலில் டீ கிளாஸோடு நின்ற ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய மேஸ்திரி முனியப்பன்தான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"வேந்தன் சம்சாரம் ராணிக்கு ஏழாம் மாசத்துலயே கொழந்த பொறந்துடுச்சு சார். ஒரு கிலோ கூட இல்ல. பெங்களூர் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பொட்டியில வெச்சிக்கிறாங்க. ராணி வராண்டாவுல பாய் போட்டுக்கினு கீது. ரத்தம் கொண்டா, மருந்து கொண்டான்னு வேந்தனத் தொரத்திக்கினே கீறாங்க. எங்க கோரமண்டல் லைன் வீட்டுப் பொம்பளைங்க தெனம் ஒருத்தரா ரயில்ல சோறு எடுத்துக்கினு போறாங்க."

"லீவு போட வேண்டியதுதானே?"

"ராணி படுத்த படுக்கையா கெடந்தப்பவே லீவெல்லாம் தீந்துபோச்சு. பத்து நாள் சேந்தாப்புல வரலன்னா பேர அடிச்சுடுவாங்க. சொரங்கத்த மூடறோம் மூடறோம்னு சொல்லி, ஆளக் கொறைக்கச் சாக்கு தேடற நேரம். பேரு போச்சுன்னா, செலவ கம்பெனி ஏத்துக்கும்னு இங்க குடுத்த ஆஸ்பத்திரி லெட்டரு செல்லாது. லெட்டரு செல்லலன்னா, பொட்டியில கீற கொழந்தைய எடுத்துக் கையில குடுத்துடுவாங்க சார்."

வினய்க்குச் சட்டென்று வேறொன்று தோன்றியது.

"ஓ! இல்லாத ஆளுக்குச் சம்பளம். இதுல யார் யாருக்குப் பங்கு?"

முனியப்பன் முகம் சிவந்தது. "ரிஜிஸ்டரப் பாருங்க சார். எட்டு நாளா வேந்தன் ஏத்த வேண்டிய கல்லு ஒரு வண்டி கொறைஞ்சு கீதா, பாத்துட்டுப் பேசுங்க."

பார்த்தான். குறையவில்லை. இரண்டு நாள் ஒரு வண்டி கூடுதலாகவே இருந்தது.

இப்போதுதான் குழப்பம் தலைக்கேறியது. வாசலில் நிற்கிற இவர்கள் டோக்கன் எல்லாம் ஆணியில் தொங்குகிறது. இவர்கள் பங்குக் கல்லும் ரிஜிஸ்டரில் தனியாக இருக்கிறது.

"அப்ப கீழ இருக்கிறது யாரு?"

"நானூத்திப் பதினேழு சார்," என்றார் மாரிமுத்து.

"விளையாடுறீங்களா? ஏர் பிளாஸ்ட் அடிச்சு, பாறை வெடிச்சு மேல உக்காந்தா, செத்தவன் பேர் என்னன்னு எழுதுவேன்? அவன் பெண்டாட்டி பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

"அதையும் சொன்னோம் சார்," என்றார் முனியப்பன் தலையைச் சொறிந்தபடி. "கேட்டாத்தானே."

டிங். டிங். டிங்.

கேஜ் வந்தது. ஒரே ஓர் ஆள். ஹெல்மெட் புருவம் வரை இறங்கி, முகமெல்லாம் மண் அப்பிக்கிடந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஜன்னலுக்குள் கையை நீட்டி டோக்கனை வைத்தான்.

"மாரிமுத்தண்ணா, கொழந்த எப்படிக் கீதாம்? ரயில்ல வந்தவங்க இன்னா சொன்னாங்க?"

"நூறு கிராம் ஏறிக்கிதாம்," என்று முணுமுணுத்துவிட்டு மாரிமுத்து கண்ணால் வினய்யைக் காட்டினார்.

வந்தவன் நிமிர்ந்தான். வினய் திகைத்துப்போனான்.

துரை! யூனியன் தகராறில் இதே வேந்தனை மூக்கில் ரத்தம் வர அடித்தவன். பத்து நாளைக்கு முன்னால் வினய் தன் கையாலேயே சஸ்பென்ஷன் ஆர்டரில் கையெழுத்துப் போட்டு, பதினைந்து நாள் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று அனுப்பிவைத்த துரை.

"நீயா? அவனுக்காகவா? அதுவும் சம்பளம் இல்லாம?"

துரை ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"இன்னா சார் பண்றது? மத்தவங்களுக்கெல்லாம் அவங்கவங்க ஷிப்ட்டு கீது. சும்மா கீறவன் நான் ஒருத்தன்தான். நீங்கதானே லீவு குடுத்தீங்க!"

யாரும் சிரிக்கவில்லை. மாரிமுத்து டோக்கனைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

வினய் போனைப் பார்த்தான். ரிஜிஸ்டரைப் பார்த்தான். பிறகு பலகைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

"நானூத்திப் பதினெட்டு... நானூத்திப் பத்தொம்பது..."