கதவுக்குப் பின்னால் போன கார்டு

இப்போதெல்லாம் எதை ரிப்பேருக்குக் கொடுத்தாலும் கொடுத்தபடி திரும்பி வருவதில்லை. கைக்கடிகாரம் கொடுத்தால் புது பேட்டரி போய்ப் பழைய பேட்டரி வருகிறது. ஸ்கூட்டர் கொடுத்தால் டேங்க் காய்ந்து வருகிறது. ஏன்டா என்று கேட்டால், 'அப்படியா சார்?' என்று நம்மையே திருப்பிக் கேட்கிறான். முகம் மட்டும் பால் குடிக்கிற பிள்ளை மாதிரி.

இது சி.ஐ.டி.யின் அபிப்பிராயம். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதருக்கு அந்தப் பேரை வைத்தது தெருக்காரர்கள். கூரியர் கொண்டு வருகிறவனையே அடையாள அட்டை கேட்டு வாசலில் நிறுத்தி வைக்கிறவரை வேறு என்னவென்று கூப்பிடுவது?

அன்றைக்கு அவர் சர்வீஸ் சென்டருக்கு வந்தது மகளுக்காக. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் கார்ட்டூன் படம் செய்து கொடுப்பவள் அவள். திரையில் படத்தைக் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு திடீரென்று கண்ணை மூடிவிட்டது. திங்கட்கிழமைக்குள் படத்தை முடிக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். ஏதோ நல்ல காலம், கார்டுக்கு வாரண்டி இருந்தது.

"நான் போறேம்மா. உன்னை மாதிரி வாயில்லாப் பூச்சி போனா மொட்டையடிச்சு அனுப்பிடுவான்" என்று முந்தின நாளே மகளிடம் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டவர், கடை திறக்கும்போதே வந்து நின்றுவிட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் பில் நம்பரையும் பெட்டி நம்பரையும் ஒத்துப் பார்த்துவிட்டு, பெட்டியோடு எழுந்தாள்.

"எங்கம்மா தூக்கிட்டுப் போறே?"

"உள்ள டெஸ்ட் பண்ணணும் சார்."

"இங்க வச்சே பண்ணச் சொல்லு. நான் பாக்கறேன்."

"மெஷின் உள்ளதான் சார் இருக்கு."

"அப்ப நானும் உள்ள வரேன்."

"கஸ்டமரை உள்ள விடறதில்ல சார்."

"அதானே" என்று பக்கத்தில் திரும்பினார் சி.ஐ.டி. அங்கே ஒரு அம்மாள் மடியில் லேப்டாப்போடு காத்திருந்தாள். "கதவைச் சாத்திக்கிட்டு செய்யற வேலை என்னிக்கும்மா நல்ல வேலையா இருந்திருக்கு?"

அந்த அம்மாள் லேப்டாப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவு சாத்திக்கொண்டது. சி.ஐ.டி. கூச்சமே இல்லாமல் போய்க் கதவில் காதை வைத்தார். உள்ளே ஸ்க்ரூட்ரைவர் உருண்டு விழுகிற சத்தம். யாரோ சிரித்தார்கள். ஒரு டிராயர் திறந்து மூடியது.

"ஐயா, என்ன நடக்குது?" என்றாள் லேப்டாப் அம்மாள்.

"என்ன நடக்கணுமோ அதான் நடக்குது."

கொஞ்ச நேரத்தில் தடிக் கண்ணாடி போட்ட டெக்னீஷியன் கார்டோடு வெளியே வந்தான். கவுண்டர் பெண்ணின் காதில் என்னவோ சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்து சி.ஐ.டி.யைப் பார்த்தார்கள்.

"சார், இதுல ஃபேன் இல்லயே. ஃபேனுக்கு அடியில சூட்டை இழுக்கற செம்புக் கட்டி ஒண்ணு இருக்கும், அதையும் காணோம். வெறும் பலகைதான் இருக்கு."

சி.ஐ.டி.க்குக் கோபம் வரவில்லை. எதிராளியின் சீட்டு தெரிந்துவிட்டவர் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"வந்துட்டியா விஷயத்துக்கு? நீ இங்கதான் வந்து நிப்பேன்னு எனக்குத் தெரியும்யா. படம் தெரியலன்னு கொண்டாந்தா, ஃபேனையும் செம்பையும் பத்தி என்கிட்ட பேசறே."

"சத்தியமா நாங்க எடுக்கல சார்."

"நீங்க எடுக்கலன்னு எனக்கு நல்லாத் தெரியும்பா."

அவர் சொன்ன தினுசில் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். லேப்டாப் அம்மாள் எழுந்தே விட்டாள்.

"இப்பல்லாம் செம்புன்னா போதும், விட மாட்டேங்கறாங்க. எங்க தெருவுல ஏசிக் குழாயையே அறுத்துட்டுப் போனான். ஏம்ப்பா, வயசானவர்னா இளிச்சவாயர்னு நெனப்பா உனக்கு?"

ஆளாளுக்குக் கவுண்டரை நெருங்கினார்கள். டெக்னீஷியன் கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான். விறுவிறுவென்று உள்ளே போனவன், பளபளவென்று ஒரு புதுப் பெட்டியோடு திரும்பி வந்தான்.

"சார், சண்டை வேணாம். உங்களுக்கு மாத்திக் குடுக்க இதோ புதுசு இருக்கு. சீல்கூட உடைக்கல. பழசை முழுசா குடுத்தீங்கன்னா இப்பவே எடுத்துட்டுப் போகலாம். அந்த ரெண்டும் இல்லாம நான் வாங்கினா என் வேலை போயிடும்."

சி.ஐ.டி. பெட்டியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"அந்த ரெண்டு சாமானுக்காக முழுக் கார்டையே புதுசா தூக்கிக் குடுப்பியா?"

"ஆமா சார்."

"எவனாவது குடுப்பானாய்யா?"

"வாரண்டின்னா அதான் சார்."

"இந்தக் கதையை வேற எவன்கிட்டயாவது சொல்லு" என்று பலகையைப் பிடுங்கிப் பழைய பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவர் பின்னாலேயே லேப்டாப் அம்மாளும் கிளம்பிவிட்டாள்.

படியிறங்கும்போது போன் அடித்தது. மகள்தான்.

"அப்பா, புதுசு குடுத்தாங்களா?"

"குடுக்கறேன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஐயோ, ஏம்ப்பா?"

"அவ்வளவு ஆசையா நீட்டறான்னா உள்ள ஏதோ இருக்கும்மா. நான் எத்தனை ஒர்க் ஷாப் பாத்தவன். நீ கவலைப்படாதே, வேற இடம் பாப்போம்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பியும் பார்க்காமல் தெருவில் நடந்தார்.

எவனும் திருடிவிடக் கூடாதே என்று முந்தின நாள் சாயங்காலமே மகளுக்குத் தெரியாமல் கழற்றி, பனியனுக்குள் துணியில் முடிந்து வைத்திருந்த ஃபேனும் செம்புக் கட்டியும், அவர் நடக்க நடக்க வயிற்றில் பத்திரமாக இடித்துக்கொண்டே வந்தன.