செக்கா, ரொக்கமா

பத்தாவது முறையாக மானிட்டரை அணைத்துப் போட்டேன். படம் வந்தது.

"போதும் ஸார், அது மானிட்டர். காலிங் பெல் இல்லை" என்றார் பத்ரிநாராயணன்.

பதினோராவது முறையும் அணைத்துப் போட்டேன். அடையாறு டிப்போவுக்குப் பின்னால் ஒரு எஸ்.டி.டி. பூத். இரண்டு ஸ்டூல்களை ஒட்டிப் போட்டு, அவருடைய பழைய கம்ப்யூட்டரைப் பரப்பி வைத்திருந்தோம்.

தி.நகரில் மணிக்கு அறுபது ரூபாய் கொடுத்து இன்டர்நெட்டில் விளம்பரம் பார்த்துத்தான் ஆளைப் பிடித்தேன். முன்பின் தெரியாத ஆள். அவர் மயிலாப்பூர் வீட்டுக்கு நான் போகமாட்டேன். என் அறைக்கு அவர் வரமாட்டார். பிளக்கும் போன் லைனும் இருக்கிற பொது இடம் இது ஒன்றுதான் கிடைத்தது.

பூத் ஹாஜிரா பீயுடையது. ஐம்பது வயது இருக்கும். பில் மெஷினைப் பார்த்துக்கொண்டு, எங்களைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. சொந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று திங்கட்கிழமை காட்டினால், வீட்டிலேயே டைப் அடித்துக் கொடுக்கும் வேலை தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். அன்றைக்குச் சனிக்கிழமை.

ஆனாலும் அவசரப்படுகிற ஆள் இல்லை நான். போன வருடம் ஒருவனிடம் ரொக்கம் கொடுத்து பிரிண்டர் வாங்கினேன். பெட்டிக்குள் பிரிண்டர் இருந்தது. பிரிண்டருக்குள் ஒன்றும் இல்லை.

அதனால் ஒரு மணி நேரமாகச் சோதித்தேன். ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தேன். டிஸ்கை முழுக்க ஓடவிட்டேன். ஃப்ளாப்பியில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். மோடத்தை பூத் லைனில் மாட்டி இரண்டு தடவை டயல் செய்தேன். பூனைச் சண்டை மாதிரி கத்திவிட்டு லைன் கிடைத்தது.

ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னேன். விற்கிறவர் காதில் விழுந்தால் விலை இறங்கும். இறங்கியது. பதினெட்டாயிரத்தில் ஆரம்பித்தவர் பதினாலாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றார்.

"செக் தரேன்" என்றேன்.

"நாளைக்கு ராத்திரி நேக்கு ஃப்ளைட். செக்கை வாங்கிண்டு என்ன பண்றது? அட்லாண்டால போய் மாத்தறதா?"

"அப்ப டிராஃப்ட்."

"பேங்க் மூடி ரெண்டு மணி நேரமாறது ஸார்."

"பாதி இப்ப. மீதி ஒரு வாரம் ஓடினப்புறம் உங்க அப்பாகிட்ட."

"அப்பாவை இழுக்காதீங்கோ. ரொக்கம்னா ரொக்கம்."

"சரி, பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கொடுங்க. யோசிக்கிறேன்."

"மொதல்ல நீங்க ரேஷன் கார்டைக் காமிங்கோ. நானும் யோசிக்கறேன்."

நடுவில் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து வைக்கலாம். இரண்டு நாள் நன்றாக ஓடினால் அவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்த யோசனையும் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஹாஜிரா பீயைப் பார்த்தோம். ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். யாரோ, எவரோ. மேஜை டிராயருக்குப் பூட்டுகூட இல்லை.

பத்ரிநாராயணன் எழுந்து வயரைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றட்டும் என்று விட்டேன். கிளம்புகிற மாதிரி காட்டுகிறவர்கள் கிளம்பமாட்டார்கள்.

"இன்னா விலை சொன்னே? பதினாலரையா?"

கேட்டது ஹாஜிரா பீ.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலுக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். எச்சில் தொட்டு எண்ணினார். பத்ரிநாராயணன் கையில் வைத்தார். பணத்தை வாங்கிக்கொண்டு அவர், சுற்றிய வயரைப் பிரிக்க ஆரம்பித்தார்.

எனக்குக் குரல் ஏறிவிட்டது. "என்னம்மா நீங்க, முன்னபின்ன தெரியாத ஆள்கிட்ட இப்படித் தூக்கிக் கொடுக்கறீங்க? நாளைக்கே படுத்துட்டா?"

"எனக்கு இன்னா தெரியும் தம்பி அதைப் பத்தி? அதான் நீ ஒரு மணி நேரமா உள்ளாற வெளிய எல்லாம் பாத்துட்டியே. டிஸ்கு நல்லா கீதுன்னு நீதானே சொன்னே? லைன்ல போட்டும் காமிச்சே. ஒரு மாசமா அல்லாரும் நெட்டு இல்லையா, நெட்டு இல்லையான்னு கேட்டுக்கினே கீறாங்க."

பத்ரிநாராயணன் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

நான் வாசலைப் பார்த்து நடந்தேன்.

"தம்பி, கரண்டுக்குப் பத்து. ரெண்டு காலுக்கு மூணு. பதிமூணு ரூபா."

சட்டைப் பையில் பஸ்ஸுக்கு வைத்திருந்த நான்கு ரூபாய். பேண்ட் பையில் செக் புத்தகம். இரண்டையும் இரண்டு முறை தடவிப் பார்த்தேன்.

"செக்கா வாங்கிக்கோங்கோம்மா" என்றார் பத்ரிநாராயணன்.

வேறு வழியில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, சட்டையில் மூன்று பொத்தான்களைக் கழற்றினேன். பனியனோடு சேர்த்துப் பின் குத்தியிருந்த துணிப்பையை வெளியே எடுத்தேன். காலையில் பேங்கிலிருந்து எடுத்த பதினாறாயிரமும் அதில்தான் இருந்தது. எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். பத்ரிநாராயணன் வயரை முழுக்கச் சுற்றி முடித்திருந்தால் அப்போதே பையை அவிழ்த்திருப்பேன்.

பத்ரிநாராயணன் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இப்போது சிரிப்பு வரவில்லை அவருக்கு.

ஒரு தாளை உருவி நீட்டினேன்.

ஹாஜிரா பீ அதை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.