ஐந்தாவது கல்

கற்கள் சரியும் சத்தம்தான் முதலில் கேட்டது. அத்தான் அங்கேதான் இருக்கிறார் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

வேன்காரன் காலால் துழாவித் துழாவி ஆற்றுப் படிகளில் இறங்கினான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அத்தானின் சலூன் வாசல் வழியாக வந்திருந்தான். காலையிலேயே அக்கா போனில் அழுதிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக நடக்கிற சலூன். இந்த ஒரு மாசமாக அத்தான் சில நாள் திறக்கிறார், சில நாள் பூட்டு. ஆற்றங்கரையில் கல் அடுக்குகிறாராம். ஐந்து கல் நின்றால் கடை உண்டு, விழுந்தால் இல்லையாம். இப்படியே போனால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடத்துக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஊரும் சும்மா இருக்குமா? கல்லுச் சாமியார் என்று பேர் வைத்தாயிற்று.

"அங்கயே நில்லு மாப்ள" என்றார் அத்தான், திரும்பாமலே. "நீ நடந்தா மணல் அதிரும். இது மூணாவது தடவை. மூணு தடவைக்கு மேல வைக்க மாட்டேன்."

வேன்காரன் கடைசிப் படியிலேயே நின்றான்.

அத்தான் குந்தியிருந்தார். பக்கத்தில் கடைத் துண்டுகள் ஊறும் வாளி. ஒரு கல்லின் முனையில் இன்னொரு கல்லை வைத்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். எங்கோ ஓரிடத்தில் அது பொருந்தியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். நின்றது. பாலத்தின் மேல் நடந்துபோன இரண்டு பேர் நின்று போட்டோ எடுத்தார்கள்.

மூன்றாவது. நான்காவது.

ஐந்தாவதுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கடைசியில் கையை எடுத்தார். தலை மெல்லக் குனிந்தது. பிறகு எழுந்து தண்ணீரில் கை கழுவினார்.

"இன்னைக்குக் கடை இல்ல."

வேன்காரனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அதான் அஞ்சும் நிக்குதே அத்தான். இன்னும் என்ன?"

அத்தான் கல்லைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

வாசலில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்றான் வேன்காரன். ஒருவர் இன்டர்வியூவுக்குப் போகிறவர் என்றான். அக்கா என்ன பாவம் செய்தாள் என்று கேட்டான். எதிர்க்கடைக்காரன் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறான் என்பதையும் விடவில்லை.

"சோறு போடுற கத்திய விட்டுட்டுக் கல்லுகிட்ட குறி கேக்குறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

அத்தான் கிட்டே வந்து வலது கையை அவன் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டினார். விரல்கள் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஈரக் கோழி இறகை உதறுகிற மாதிரி நடுங்கின.

"போன மாசம் வாத்தியாருக்குக் காதுக்குக் கீழ கத்தி இறங்கிடுச்சு. சின்னக் கீறல்தான். பரவால்லன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாரு. அரை விரல் தள்ளியிருந்தா நரம்பு."

வேன்காரன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாள் நடுங்குது, ஒரு நாள் இல்ல. அதைக் கத்திய வச்சா பாக்க முடியும்? கழுத்து அவங்களோடது. அதான் கல்லு. அது யாருக்காகவும் பொய் சொல்லாது." கல்லைத் திரும்பிப் பார்த்து, "நின்னா அழகாவும் இருக்கு. அது நான் நினைக்காம வந்தது" என்றார்.

"அக்காகிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லணும். பயந்துருவான்னு தள்ளிப் போட்டேன். இன்னைக்குச் சொல்லிடுறேன்."

வேன்காரன் தலையைக் குனிந்துகொண்டு இரண்டடி எடுத்து வைத்தான். அப்போதுதான் கற்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன.

நான்குதான் நின்றன.

ஐந்தாவது, ஈர மணலில் சத்தமில்லாமல் விழுந்து பாதி புதைந்து கிடந்தது.

அவன் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, மூன்று மாசமாக நாலாக மடித்தபடி அங்கேயே இருக்கிறது. ஆபரேஷன் முடியும்வரை வண்டி ஓட்டக் கூடாது. யாரிடமும் காட்டவில்லை, அக்காவிடம்கூட.

அத்தான் வாளிக்குள் கையை விட்டுத் துண்டு ஒன்றை எடுத்தார்.

"சாயங்காலம் வேன்ல எத்தனை புள்ளைங்க மாப்ள?"

"பதினாலு."



வேன்காரன் போனை மூக்குக்கு நேரே வைத்து எண்ணைத் தேடினான். சாயங்காலத்துக்கு வேறு டிரைவரைப் பார்க்கச் சொல்லி முதலாளியிடம் சொன்னான். ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "கண்ணு சரியில்லண்ணே" என்றான். மூன்று மாசத்தில் முதல்முறையாக அது அவன் வாயிலிருந்து வந்தது.

அத்தான் ஈரத் துண்டின் ஒரு முனையை நீட்டினார். அவன் துழாவிப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முறுக்கிப் பிழிந்தார்கள்.