பல் டாக்டரின் விமர்சனம்

அந்தப் பல் டாக்டருக்குச் சின்னப் பதிப்பகங்களின் காமிக்ஸ் என்றால் உயிர். விமர்சனம் எழுதுவார், கிளினிக்கிலேயே ஒரு அலமாரி வைத்து விற்கவும் செய்வார்.

அன்று நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணின் வாய் நிறையப் பஞ்சு.

"பல்லுல மருந்து வெச்சிருக்கேன். அஞ்சு நிமிஷம் வாயை மூடாதீங்கம்மா. அதுவரைக்கும் நேத்து நான் எழுதின விமர்சனத்தைச் சொல்றேன். புது காமிக்ஸ். ஹீரோ ஒரு பல் டாக்டர். பேஷன்ட் வாயில பஞ்சை அடைச்சுட்டு மூச்சு விடாம பேசுவானாம்!"

"ம்ம்… ம்ம்…" அவள் கையை ஆட்டினாள்.

"வலிக்குதா?"

இல்லையென்று தலையசைத்தாள்.

"அப்ப கேளுங்க. படமெல்லாம் அருமை. ஆனா இப்படித் தொணதொணக்குற டாக்டர் உலகத்துலயே கிடையாதுன்னு வெளுத்து வாங்கிட்டேன். வரைஞ்ச ஆளு பேரைக்கூடப் போடலை. சரியான பயந்தாங்கொள்ளி!"

"ம்ம்ம்ம்!"

வேலை முடிந்து பஞ்சை எடுத்தார். அவள் நிதானமாக வாயைக் கொப்பளித்தாள்.

"பயம்தான் டாக்டர். எனக்கு இன்னும் ரெண்டு பல்லு உங்ககிட்ட பாக்கி இருக்கே. எந்தத் தைரியத்துல பேரைப் போடுவேன்?"

டாக்டர் திறந்த வாய் மூடவில்லை.