லீவ் என்றால் லீவு

“லீவ்! லீவ் அட் ஒன்ஸ்!”

துரை போட்ட சத்தத்தில் மேகமலை எஸ்டேட் ஆபீஸே ஆடிப்போனது.

எதிரே நின்றவள் தேயிலைக் கொழுந்து கிள்ளும் பஞ்சம்மாள். சுருளிப்பட்டியில் மகளுக்குத் தலைப்பிரசவம். போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

துரையின் பேச்சைத் தமிழில் சொல்வது பெரிய கிளார்க் ஏசுதாசனின் வேலை.

“துரை ஒடனே லீவு குடுத்துட்டாக. கெளம்பு ஆத்தா.”

பஞ்சம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கும்பிட்டாள். மலையிறங்கிவிட்டாள்.

சின்ன கிளார்க் செல்வமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேலையை விட்டுப் போ என்கிறார் துரை; இவர் லீவு என்கிறாரே! ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பைபிள் வாசிக்கிற மனிதருக்கு இந்தச் சின்ன வெர்புக்கா அர்த்தம் தெரியாது? இவருக்கு எதற்குத் துரை பக்கத்தில் நாற்காலி?

அதில் தான் உட்காராமல் விடுவதில்லை என்று அன்றே கங்கணம் கட்டிக்கொண்டான். வேலை போனால் பஞ்சம்மாளுக்கு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அதைப் பற்றி அவனுக்கென்ன?

பேத்தியைப் பார்த்த கையோடு பஞ்சம்மாள் திரும்பி வந்து கூடையைத் தூக்கினாள். செல்வமணி ஓடிப்போய்த் துரையிடம் போட்டுக்கொடுத்தான்.

“போகச் சொன்னவள் எப்படி வந்தாள்?” துரை இங்கிலீஷில் எகிறினார்.

“லீவ் என்றால் லீவு என்று நினைத்துவிட்டேன், சார். தப்பு என்னுடையது. அவள் பாவம்,” என்று தலைகுனிந்தார் ஏசுதாசன்.

துரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அர்த்தம் தெரியாத கிளார்க்குக்கு இனிமேல் இலை நிறுக்கும் கொட்டகைதான். அந்தப் பொம்பளை வேலையைப் பார்க்கட்டும். நாற்காலி செல்வமணிக்கு.

செல்வமணிக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்து கிள்ளக் கிளம்பிய பஞ்சம்மாளை வாசலிலேயே மறித்தான்.

“ஒன்னைய வேலைய விட்டுப் போன்னுதான் துரை அன்னைக்குச் சொன்னாக. பெரியவருக்கு இங்கிலீசு தெரியாததால நீ பொழச்ச!”

“அது எனக்கு அன்னைக்கே தெரியும், சின்னய்யா. மூஞ்சி செவக்க வாசப்பக்கம் கைய நீட்டுனா என்னன்னு வெளங்க, இங்கிலீசா வேணும்?”

கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள்.

“பெரியய்யா ஏன் லீவுன்னாகன்னு ஒங்களுக்குத்தான் இன்னும் வெளங்கல.”