வராத வாத்து

'செங்கழுத்து வாத்து – ஒன்று' என்று மாஸ்டர் பறவைக் கணக்கு நோட்டில் எழுதியதைப் பார்த்ததும் நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராத்திரி டியூட்டி முடிந்து, கண்ணைக்கூட மூடாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏரிக்கு வந்தவள். நாலு மணி நேரமாகக் குளிரில் பல் கிட்டிப்போக, பைனாகுலரை இறக்காமல் நின்றிருந்தாள்.

குளிர்காலத்தில் மட்டும் வரும் அபூர்வ வாத்தாம். மூன்று வருஷமாக வருகிறாள், ஒரு இறகுகூடக் கண்ணில் பட்டதில்லை. ரிடையரான இந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு மட்டும் வருஷம் தவறாமல் காட்சி கொடுக்கிறது.

"எங்கே சார் பார்த்தீங்க?"

"நாணல் பக்கம். சட்டுன்னு உள்ளே போயிடுச்சு."

"நானும் அங்கேதானே பார்த்துட்டிருந்தேன்."

"நீ கொஞ்சம் கண் அசந்திருப்பே."

கூட வந்தவர்கள், "உங்க கண்ணே கண்ணு சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க வேனுக்கு நடந்தார்கள்.

இல்லாத காய்ச்சலை சார்ட்டில் எழுதினால் அவள் வேலை போய்விடும். இவர் என்னடாவென்றால் நாலு பேர் மெச்சிக்கொள்ள, கை கூசாமல் எழுதி, வனத்துறைக்கு வேறு அனுப்பி வைக்கிறார்.

தள்ளிப் போய் நின்று ஃபோனை எடுத்தாள். விறைத்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பிவிட்டு, அவர் முன்னால் வந்து நீட்டினாள்.

'மூன்று ஆண்டுகளாக நேரில் கவனித்து வருகிறேன். இந்த ஏரிக்குச் செங்கழுத்து வாத்து வருவதில்லை. பதிவுகள் பொய்.'

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"வனத்துறைக்கா?"

"ஆமா சார்."

"திரும்ப வாங்க முடியாதாம்மா?"

"முடிஞ்சாலும் வாங்க மாட்டேன்."

கரைக் கல்லில் மெல்ல உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். படவில்லை.

"நீ எழுதினது நிஜம்தான். அது கடைசியா வந்து ஆறு வருஷமாச்சு."

"அப்புறம் ஏன் சார்? இந்த வயசுல இந்தப் பெருமை எதுக்கு?"

ஏதோ சொல்ல வாயெடுத்தார். தூக்கமில்லாமல் சிவந்திருந்த அவள் கண்களைப் பார்த்தார். விழுங்கிக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான். வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா."

அவள் கிளம்பியபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத நீர்க்கோழிகளும் கொக்குகளும் ஏரி முழுக்க மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நர்ஸ் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு வனத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வார்டில் நின்றபடியே பிரித்தாள்.

'அபூர்வப் பறவை வருவதாகப் பதிவு இருந்த ஒரே காரணத்தால் இதுவரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்த, ஏரியை மண் கொட்டி மூடும் பணி, திங்கட்கிழமை தொடங்குகிறது. தங்கள் நேர்மைக்கு நன்றி.'