வரிசையில் ஒரு பெயின்ட் வாளி

தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த குடங்களுக்குப் பின்னால் ஒரு பழைய பெயின்ட் வாளி வந்து நின்றது. கட்டட வேலைக்காரர்களின் கொட்டகையில் அன்று உலை வைக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

"இது எங்க தெரு வரிசை. நீ எந்த ஊரு?" என்றது பச்சைக் குடம்.

"சொன்னா மட்டும் உன் வாயில நுழையுமாக்கும்!" என்று சிரித்தது பக்கத்திலிருந்த எவர்சில்வர் குடம்.

வாளி தயங்கியது. "ரொம்ப தூரம் அக்கா. ஆனா, அந்த மூணாவது வீட்டுச் சுவருக்குப் போன வருஷம் பெயின்ட் சுமந்தது நான்தான்."

பச்சைக் குடம் திரும்பிப் பார்த்தது. வாளியின் விளிம்பில் காய்ந்திருந்த அதே நீலம் சுவரிலும் இருந்தது. அந்த வீட்டு மாடிக்குப் பச்சைக் குடமே குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

லாரியின் ஹாரன் கேட்டது.

"ஒட்டி நில்லு," என்றது பச்சைக் குடம் மெதுவாக. "இடம் விட்டா வேற தெருக்காரங்க புகுந்திடுவாங்க."